மொஹாவிப் பாலைவனச் சாலையின் பெயர்ப்பலகைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸ் வரை கலிஃபோர்னியாவின் மொஹாவிப் பாலைவனத்தைக் கடந்து செல்லும் 15ஆம் எண் நெடுஞ்சாலையிலும், பார்ஸ்டோ என்ற ஊரில் தொடங்கிக் கிழக்கே போகும் 40ஆம் எண் நெடுஞ்சாலையிலும் பயணம் செய்த வாசகர்கள் சிலர், வழியில் கண்ட ஊர்ப்பெயர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கேள்விக்கான பதில் மற்றொன்றையும் தொட்டுச் செல்வதால், எல்லாவற்றையும் இந்த இதழிலேயே சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பேக்கர் என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தோம். இஸட், இஸட், ஒய், இஸட், எக்ஸ் என்று ஐந்தே எழுத்துகள். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஆங்கில உயிரெழுத்துகளில் ஒன்றுகூட அதில் இல்லை. இதை எப்படி வாசிப்பது? எந்த மொழிச் சொல் இது?

பதில்: ‘ஸைஸிக்ஸ்’ என்று வாசிக்க வேண்டும். நடுவில் நிற்கும் ஒய் என்ற எழுத்துதான் உயிரொலியாக மாறி அந்தப் பெயரின் முதல் அசையைத் தாங்குகிறது. அது எந்த மொழியின் சொல்லும் அன்று. கர்டிஸ் ஹோ ஸ்பிரிங்கர் என்பவர், ஆங்கில அகரவரிசையில் எல்லாச் சொற்களுக்கும் பின்னால் தம் ஊரின் பெயர் நிற்க வேண்டும் என்று எண்ணித் தாமே கோத்த பெயர் அது.

அவர் வருவதற்கு முன் அந்த இடம் சோடா ஸ்பிரிங்ஸ் என்று அழைக்கப்பட்டது. வறண்டு வெண்மையாகக் கிடக்கும் சோடா ஏரிப் படுகையின் மேற்கு ஓரத்தில், பாலைவனத்தின் நடுவே எப்போதும் நீர் சுரக்கும் ஊற்றுகள் அங்கே உள்ளன. கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து பசிபிக் கடற்கரை வரை நடந்து சென்று வணிகம் செய்த பழங்குடி மக்களுக்கு அந்த ஊற்றுகள் தங்குமிடமாக இருந்தன. பிறகு அதே தடத்தில் வந்த அமெரிக்க இராணுவம் 1860இல் அங்கு ஒரு காவல் அரண் அமைத்தது.

ஸ்பிரிங்கர் வானொலியில் மதப் பிரசங்கம் செய்தவர். மருத்துவப் பட்டம் எதுவும் பெறாமலேயே தம்மை டாக்டர் என்று அழைத்துக்கொண்டவர். 1944இல் அரசு நிலத்தில் சுமார் 12,000 ஏக்கருக்குச் சுரங்க உரிமை கோரிப் பதிவு செய்த அவர், அங்கே கனிமம் எதையும் தோண்டவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் தெருக்களில் வீடின்றி வாழ்ந்தவர்களை உணவும் தங்குமிடமும் தருவதாகச் சொல்லி அழைத்துவந்து, அவர்களின் உழைப்பைக் கொண்டே விடுதி, தேவாலயம், குளியல்கூடம், வானொலி நிலையம், விமான ஓடுதளம் என்று ஒரு முழு ஊரையே கட்டினார். இயற்கை வெந்நீர் ஊற்று என்று அவர் விளம்பரம் செய்த குளியல் தொட்டிகளின் நீரைக் கொதிகலன் ஒன்று சூடாக்கிக்கொண்டிருந்தது. வழுக்கையிலிருந்து எல்லாக் குறைகளுக்கும் அவரிடம் மருந்து இருந்தது. வானொலி வழியாகக் கேட்டவர்களுக்கு ‘நன்கொடை’ பெற்றுக்கொண்டு அவற்றை அனுப்பிவைத்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1969இல் அவரைப் ‘போலி மருத்துவர்களின் அரசன்’ என்றே குறிப்பிட்டது. பொய் விளம்பரக் குற்றத்துக்காகச் சிறிது காலம் சிறையிலும் இருந்தார். நன்கொடையாளர்களுக்கு அரசு நிலத்தில் வீட்டுமனைகளும் கொடுக்கத் தொடங்கியபோது மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை விழித்துக்கொண்டது. சுரங்கத்துக்கு மட்டுமே உரிய உரிமையை வேறு வகையில் பயன்படுத்தினார் என்று காட்டி, 1974இல் அவரை அங்கிருந்து வெளியேற்றியது.

இதில் எனக்கு மனநிறைவு தரும் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. 1976 முதல் அந்தக் கட்டடங்கள் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாலைவன ஆய்வு மையமாக இயங்கிவருகின்றன. மொஹாவி ஆற்றுக்கே உரிய டூயி சப் என்ற சிறு மீனினம் மற்ற இடங்களில் ஏறக்குறைய அற்றுப்போன காலத்திலும் இந்த ஊற்றுநீரில் பிழைத்திருந்தது. ஸ்பிரிங்கரின் விருந்தினர்களுக்காக அழகுபடுத்தப்பட்ட குளம், அழியும் நிலையில் உள்ள அந்த மீனுக்கு இன்று அடைக்கலமாக இருக்கிறது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. 1984இல் அமெரிக்கப் புவியியல் பெயர்கள் வாரியம் அதற்கு முறைப்படி ஒப்புதலும் அளித்துவிட்டது. அமெரிக்க ஊர்ப்பெயர்ப் பட்டியலில் இன்றும் அதற்குப் பின்னால் வேறு பெயர் இல்லை.

கேள்வி: 40ஆம் எண் சாலையை விட்டு விலகிப் பழைய 66ஆம் எண் சாலையில் சென்றபோது, ஆம்பாய், கேடிஸ், டான்பி, எஸ்ஸெக்ஸ், ஃபென்னர், காஃப்ஸ் என்ற பெயர்களை வரிசையாகக் கண்டோம். இவை அகரவரிசையில் அமைந்திருப்பது தற்செயலா?

பதில்: தற்செயல் அன்று. நீங்கள் அதைக் கவனித்ததற்கு முதலில் என் பாராட்டு. இப்பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிடும்போது அந்த வரிசை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்பதால், மற்ற வாசகர்களுக்காக எழுத்துகளோடு சேர்த்துச் சொல்கிறேன். மேற்கிலிருந்து கிழக்காக ஏ ஆம்பாய், பி பிரிஸ்டல், சி கேடிஸ், டி டான்பி, ஈ எட்சன், எஃப் ஃபென்னர், ஜி காஃப்ஸ், ஹெச் ஹோமர், ஐ ஐபெக்ஸ், ஜே ஜாவா என்று 1883இல் இந்த இரயில் தடம் போடப்பட்ட காலத்தில் நிலையங்களுக்குப் பெயரிடப்பட்டது. இந்த வரிசையை வகுத்தவராகக் குறிப்பிடப்படுபவர் இரயில்பாதைக்கு வழி அளந்த பொறியாளர் லூயிஸ் கிங்மன். அரிசோனா மாநிலத்தில் இதே தடத்தில் உள்ள கிங்மன் நகரம் அவர் பெயரைத் தாங்கியது.

ஊர் இருந்து, அதன் பெயரை நிலையத்துக்கு வைப்பதுதான் நாம் அறிந்த வழக்கம். இங்கே நிலையம் முதலில் வந்தது; ஊர் பிறகு வந்தது; பல இடங்களில் ஊர் என்று சொல்லத்தக்க ஒன்று கடைசிவரை வரவேயில்லை. நீராவி இயந்திரங்கள் சில மைல்களுக்கு ஒருமுறை நீர் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாமல் ஒதுங்கி நிற்கவும் இடம் வேண்டும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தந்தியில் சொல்வதற்கு அந்த இடத்துக்குக் குழப்பமில்லாத ஒரு பெயரும் வேண்டும். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு ஒரே மாதிரியாக விரியும் மண்ணில், அடுத்த நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதல் எழுத்தே காட்டிக்கொடுக்கும் பெயர்வரிசை, பணியாளருக்கு மனப்பாடம் செய்யத் தேவையில்லாத ஒரு வரைபடமாகப் பயன்பட்டிருக்கும் அல்லவா?

ஆனால் எவ்வளவு கவனமாகக் கோத்த வரிசையும் காலப்போக்கில் சிறிது கலைந்துவிடுகிறது. பிரிஸ்டல் பின்னாளில் பெங்கால் ஆகி, அதன் பிறகு போலோ ஆயிற்று. எட்சன் எஸ்ஸெக்ஸ் ஆயிற்று. ஐபெக்ஸ் ஐபிஸ் என்று மாறியது. பெயர்கள் மாறினாலும் முதல் எழுத்து மாறாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். காஃப்ஸ் மட்டும் சில ஆண்டுகள் பிளேக் என்று அழைக்கப்பட்டு, மீண்டும் காஃப்ஸ் ஆகியது.

1926இல் 66ஆம் எண் சாலை வந்தபோது இந்த நிலையங்களில் சில, பெட்ரோல் நிலையமும் தங்கும் விடுதியும் உணவகமும் கொண்ட சிற்றூர்களாக வளர்ந்தன. 1973இல் 40ஆம் எண் நெடுஞ்சாலை அவற்றைத் தொடாமல் வடக்கே விலகிச் சென்றபோது, அந்த வாழ்வும் முடிந்தது. நெடுஞ்சாலையிலேயே விரைந்து செல்பவர் இந்த வரிசையை முழுமையாகக் காண முடியாது. நேரம் உள்ளவர்கள் லட்லோ என்ற ஊரில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிப் பழைய சாலையைப் பிடிப்பதே நல்லது. ஆனால் அந்தச் சாலையின் சில பாலங்கள் வெள்ளத்தில் பழுதடைந்து மூடப்படுவது உண்டு என்பதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அதே பகுதியின் வரைபடத்தில் பாக்தாத், சைபீரியா, குளோன்டைக் என்ற பெயர்களும் அருகருகே காணப்படுகின்றன. உலகின் மிகக் குளிரான இடங்களின் பெயர்கள்கூட இந்தச் சுடுமணலுக்கு எப்படி வந்தன?

பதில்: இவையும் அதே இரயில் தடத்தில், ஆம்பாய்க்கு மேற்கே அமைந்த நிலையங்கள்தாம். ஸ்பெயினின் கேடிஸ், இங்கிலாந்தின் பிரிஸ்டல், இந்தோனேசியாவின் ஜாவா என்று தொலைதூரப் பெயர்களை எடுத்து வைத்த அதே கைதான், ரஷ்யாவின் சைபீரியாவையும் கனடாவின் தங்க வேட்டையால் புகழ்பெற்ற குளோன்டைக்கையும் இங்கே கொண்டுவந்திருக்கிறது. இரயில் நிறுவனத்துக்குப் பெயர் வேண்டியிருந்தது. அதற்கும் மண்ணுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்ற தேவை இல்லை.

இவற்றில் பாக்தாத் மட்டும் தன் பெயரைத் தாண்டியும் நினைவில் நிற்கிறது. 1912 அக்டோபர் 3 முதல் 1914 நவம்பர் 8 வரை தொடர்ந்து 767 நாள்கள் அங்கே ஒரு துளி மழைகூடப் பதிவாகவில்லை. அமெரிக்காவில் பதிவான மிக நீண்ட மழையற்ற காலம் அதுவே. அந்த நாள்களிலும் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள், வண்டிகள் நின்று சென்றன. அதற்கான நீர் மேற்கே பல மைல்களுக்கு அப்பால் உள்ள நியூபெரி ஊற்றுகளிலிருந்து இரயில் தொட்டிகளில் வந்தது. அந்த நியூபெரியின் பெயர் சில காலம் வெறும் ‘வாட்டர்’, அதாவது ‘தண்ணீர்’ என்றே இருந்தது. இந்தத் தடத்தில் மண்ணின் உண்மையைச் சொன்ன பெயர் என்று அதையே நான் கருதுகிறேன். பாக்தாதில் இன்று கட்டடம் எதுவும் இல்லை.

கேள்வி: பார்ஸ்டோ, விக்டர்வில், பேக்கர், கெல்சோ ஆகியவை யாருடைய பெயர்கள்?

பதில்: முதல் மூன்றும் இரயில் நிறுவன அதிகாரிகளின் பெயர்கள். சாண்டா ஃபே இரயில் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் பார்ஸ்டோ ஸ்ட்ராங். கான்சஸ் மாநிலத்தில் ஸ்ட்ராங் சிட்டி என்று அவருடைய குடும்பப் பெயரால் ஓர் ஊர் ஏற்கெனவே இருந்ததால், 1886இல் இந்தப் பாலைவனச் சந்திப்புக்கு அவருடைய நடுப்பெயரை எடுத்து வைத்தார்கள். அதற்கு முன் அதன் பெயர் வாட்டர்மன் ஜங்ஷன். அந்தப் பெயருக்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை. அருகில் வெள்ளிச் சுரங்கம் நடத்தி, பின்னர் கலிஃபோர்னியாவின் ஆளுநரான ராபர்ட் வாட்டர்மனின் பெயர் அது.

விக்டர்வில் முதலில் வெறும் விக்டர் என்றே இருந்தது. ஜேக்கப் நாஷ் விக்டர் என்ற இரயில்வே அதிகாரியின் பெயர். கொலராடோ மாநிலத்திலும் விக்டர் என்று ஓர் ஊர் இருந்ததால் கடிதங்கள் இடம் மாறிப் போயின. எனவே 1901இல் அஞ்சல் துறை அதை விக்டர்வில் ஆக்கியது. வெண்காரம் ஏற்றிச் செல்வதற்காகப் போடப்பட்ட டோனோபா அண்டு டைட்வாட்டர் இரயில்பாதையின் தலைவரான ரிச்சர்ட் பேக்கரின் பெயரே பேக்கர். அங்கே நிற்கும் 134 அடி உயர வெப்பமானி, 1913 ஜூலை 10 அன்று அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 பாரன்ஹீட், அதாவது 56.7 செல்சியஸ் வெப்பத்தை நினைவூட்டுகிறது.

இந்தத் தலைவர்களின் வரிசையில் கெல்சோ சேராது என்பதே எனக்கு அதன் மீதுள்ள அன்புக்குக் காரணம். 1905இல் அந்த நிலையத்துக்கு ‘பக்கத்தடம் 16’ என்ற எண் மட்டுமே இருந்தது. அங்கே வேலை பார்த்த கிடங்குப் பணியாளர் இருவர், தங்கள் பெயர்களோடு, வேலையை விட்டுப் போய்விட்ட ஜான் கெல்சோ என்ற தோழரின் பெயரையும் சீட்டில் எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள் என்றும், அங்கே இல்லாதவரின் சீட்டே வந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1924இல் கட்டப்பட்ட அந்த அழகிய நிலையம் பின்னாளில் மொஹாவி தேசியக் காப்பகத்தின் பார்வையாளர் மையமாயிற்று. 15ஆம் எண் சாலையிலிருந்து அங்கு செல்லும் கெல்பேக்கர் சாலையின் பெயர், கெல்சோவையும் பேக்கரையும் ஒட்டவைத்தது என்பதை இப்போது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

கேள்வி: பார்ஸ்டோவில் 40ஆம் எண் சாலை தொடங்கும் இடத்தில் ‘வில்மிங்டன் 2,554 மைல்’ என்று ஒரு பலகை இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடினேன், கிடைக்கவில்லையே?

பதில்: அப்படி ஒரு பலகை வைக்கப்பட்டது உண்மை; அது உங்கள் கண்ணில் ஏன் படவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அச்சாலையின் மறுமுனையில், அட்லாண்டிக் கரையோர வட கரோலினாவில் உள்ள நகரம் வில்மிங்டன். தொலைவு சுமார் 4,110 கிலோமீட்டர். அந்த முனையில் ‘பார்ஸ்டோ 2,554 மைல்’ என்று வைத்திருந்த பலகையை நினைவுப்பொருளாகத் திருடிச் செல்பவர்கள் ஓயாததால், 2009இல் வட கரோலினாவின் சாலைத் துறை அதை மீண்டும் வைப்பதை நிறுத்திவிட்டது.

கேள்வி: பார்ஸ்டோவுக்கு அருகே காலிகோ என்ற பழைய சுரங்க ஊருக்குச் சென்றோம். நம் கோழிக்கோட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஐரோப்பிய வணிகர்கள் கோழிக்கோட்டைக் காலிகட் என்றார்கள். அங்கிருந்து ஏற்றிச் சென்ற பருத்தித் துணிக்கு அந்தத் துறைமுகத்தின் பெயரே நிலைத்து, ஆங்கிலத்தில் காலிகோ ஆயிற்று. கெட்டி அட்டை போட்ட பழைய தமிழ்ப் புத்தகங்களை ‘காலிகோ பைண்டு’ என்று நம் பதிப்பகங்கள் குறிப்பிட்டதும் அதே துணியால்தான். அமெரிக்காவில் அச்சொல் பொடிப்பூக்கள் அச்சிட்ட பலவண்ணச் சீட்டித் துணியைக் குறித்தது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஊதாவும் கலந்து தெரியும் அந்த மலையைப் பார்த்த சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பெண்களின் சீட்டிப் பாவாடை நினைவுக்கு வந்ததால், காலிகோ மலை என்றார்கள்.

1881இல் வெள்ளி கிடைத்தபோது மலையடியில் தோன்றிய ஊரும் அப்பெயரையே பெற்றது. 1890களின் நடுவில் வெள்ளியின் விலை சரிந்ததும் மக்கள் வெளியேறினார்கள். 1951இல் வால்டர் நாட் என்ற தொழிலதிபர் அதை விலைக்கு வாங்கிக் கட்டடங்களைப் புதுப்பித்து, 1966இல் சான் பெர்னார்டினோ மாவட்டத்துக்கு நன்கொடையாக அளித்தார். ஒரு துறைமுகத்தின் பெயர் துணிக்கும், துணியின் பெயர் மலைக்கும், மலையின் பெயர் ஊருக்கும் வந்துசேர்ந்த இந்த வழியில் இரயில் நிறுவனத்தின் கை எங்கும் இல்லை; பார்த்தவர்கள் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: வழியில் உள்ள ஸ்பானியப் பெயர்களின் பொருள் என்ன? மாநில எல்லையில் உள்ள பிரிம் என்பதும் ஸ்பானியமா?

பதில்: மலையைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் நுழையும் கஹோன் கணவாயின் பெயருக்குப் ‘பெட்டி’ என்று பொருள்; இருபுறமும் செங்குத்தாக அடைத்து நிற்கும் மலைகளைக் கண்டால் புரியும். யெர்மோ என்றால் ஆளற்ற தரிசு நிலம். ஸீமா என்றால் உச்சி. இரயில் தடம் ஏறி முடியும் மேடு அது. பயணம் முடியும் லாஸ் வேகாஸுக்குப் ‘புல்வெளிகள்’ என்று பொருள். விளக்குகள் வருவதற்கு வெகு காலம் முன்பு, ஊற்றுநீரால் அங்கே புல் விளைந்திருந்தது. பிரிம் ஸ்பானியம் அன்று. ஸ்டேட்லைன் என்று நெவாடாவின் வடபகுதியிலும் ஓர் ஊர் இருந்ததால், குழப்பத்தைத் தவிர்க்க 1996இல் அந்த இடத்தை வளர்த்தெடுத்த எர்னஸ்ட் பிரிமின் பெயரை வைத்தார்கள்.

கேள்வி: மொஹாவி என்ற சொல்லைச் சில பலகைகளில் ஜே போட்டும், சிலவற்றில் ஹெச் போட்டும் எழுதியிருக்கிறார்கள். எது சரி? அடுத்த மாதம் 95ஆம் எண் சாலை வழியாகச் செல்ல இருக்கிறோம். அங்கும் கவனிக்க வேண்டிய பெயர்கள் உண்டா?

பதில்: இரண்டும் சரியே. ஸ்பானிய மொழியில் ஜே என்ற எழுத்துக்கு ‘ஹ’ ஒலி உண்டு. கலிஃபோர்னியா அந்த எழுத்துமுறையையே வைத்துக்கொண்டது. அரிசோனா ஒலிப்பைப் பின்பற்றித் தன் மாவட்டத்தின் பெயரை ஹெச் போட்டு எழுதுகிறது. இது முதலில் ஒரு மக்களின் பெயர். அவர்கள் தங்களைப் ‘பிபா ஆஹா மகாவ்’ என்கிறார்கள். ஆற்றின் ஓரத்து மக்கள் என்று அதற்குப் பொருள். கொலராடோ ஆற்றங்கரையில் வெள்ளம் வடிந்த வண்டலில் பயிர் செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 1776இல் பிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாருக்கு இந்தப் பாலைவனத்தைக் கடக்க வழிகாட்டியவர்களும் அவர்களே. உலகின் வறண்ட நிலங்களுள் ஒன்றாக நாம் அறிந்த இந்தப் பாலைவனம், ஆற்று மக்களின் பெயரையே சுமந்து நிற்கிறது என்பதை இந்த வழியில் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

95ஆம் எண் சாலையில், நெவாடாவின் தென்முனையில், கால்நெவாரி என்ற சிற்றூர் வரும். 1960களில் ஒரு விமான ஓடுதளத்தைச் சுற்றி உருவான ஊர் அது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதால், கலிஃபோர்னியா, நெவாடா, அரிசோனா ஆகிய மூன்றின் முதல் அசைகளையும் கோத்துப் பெயர் வைத்தார்கள்.

அங்கே நின்று கிழக்கே பாருங்கள். தெரியும் மலைத்தொடரின் உயர்ந்த சிகரத்தை ஆங்கில வரைபடங்கள் ‘ஆவி மலை’ என்ற பொருளில் ஸ்பிரிட் மவுண்டன் என்று குறித்துவந்தன. மொஹாவி மக்களும் அவர்களோடு மொழியுறவு கொண்ட பிற பழங்குடியினரும் தங்கள் முன்னோர் தோன்றிய இடமாக வணங்கும் மலை அது. 2023 மார்ச் 21 அன்று, அந்த மலையையும் அதைச் சூழ்ந்த 5 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் அமெரிக்க அரசு தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தபோது, அதற்கு மொஹாவி மொழிப் பெயரே சூட்டப்பட்டது. ‘ஆவி குவா ஆமே’ என்று எழுதிய பலகையைத் தேடுங்கள்; இந்தப் பாலைவனத்தின் பெயர்ப்பலகைகளில் நான் உங்களுக்குக் காட்ட விரும்பும் முதல் பலகை அதுதான்.